பிடிக்கத் தேவையில்லாத வரியைக் கேட்காமலே திருப்பிக் கொடுங்கள்: மத்திய நேரடி வரிகள் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவர் மற்றும் உறுப்பினர்கள், மத்திய நேரடி வரிகள் வாரியம், புது தில்லி.

ஐயா, அம்மையீர்,

2024-25 நிதியாண்டுக்குத் தாமதமாக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடு, 2025 டிசம்பர் 31 நள்ளிரவோடு முடிந்தது. அந்த ஆண்டில் ஒரு ரூபாய்கூட வரி கட்ட வேண்டாதவர்களிடம் பிடித்த டிடிஎஸ் (பணத்தைக் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பணம், அவர்கள் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்ற ஒரே காரணத்தால் அரசிடமே தங்கிவிட்டது. யாரிடம் பிடித்தார்கள், எவ்வளவு, எந்தத் தேதியில், எந்தப் பான் எண்ணில் என்பதெல்லாம் உங்கள் கணினியில் வரிசையாக இருக்கிறது. பல நேரங்களில் பணத்துக்கு உரியவருக்கு மட்டும் அது தெரியாது. பிடித்ததற்குச் சான்று (படிவம் 16ஏ) தர வேண்டும் என்று விதி இருக்கிறது; ஆனால் கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பக் கிடைக்கும் என்று அவருக்குச் சொல்ல எந்த விதியும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இதை எங்களால் ஏற்க முடியவில்லை.

நாங்கள் தமிழ்நாட்டின் சிறு ஊர்களில் வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவர்கள். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தொழிலதிபர்கள் அல்லர். கணவர் இறந்த பின் வந்த பணத்தை வங்கியில் போட்டு அந்த வட்டியில் வாழும் பெண்கள், விருப்ப ஓய்வில் வந்தவர்கள், மில் வேலையை விட்டு பிஎஃப் பணத்தை எடுத்த இளம்பெண்கள். இவர்களின் தாள்களில் ஆண்டுதோறும் நாங்கள் பார்ப்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் வங்கி டெபாசிட். அறுபது வயதாகாத ஒரு கைம்பெண் 12 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்குப் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். ஆண்டு வட்டி 84,000. வேறு வருமானம் இல்லை. 2024-25இல் வட்டி 40,000ஐத் தாண்டினால் வங்கி டிடிஎஸ் பிடிக்க வேண்டும். தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, மொத்த வட்டிக்கும். ஆக 8,400 ரூபாய் போய்விடுகிறது. புதிய வரி முறையில் அந்த ஆண்டு 3 லட்சம் வரை வரியே இல்லை. அவருடைய வருமானம் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. 2025-26 முதல் இந்த வரம்பை 50,000 ஆகவும், மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம் ஆகவும் உயர்த்தியிருக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் 84,000 வட்டி வாங்கும் இந்தப் பெண்ணுக்கு இப்போதும் பிடிக்கிறார்கள்.

இதைவிட மோசமானது, முதிர்வில் மொத்தமாகப் பணம் வரும் டெபாசிட். வட்டி கைக்கு வருவதில்லை, அசலோடு சேர்கிறது. ஆனால் கணக்கில் ஏறும் வட்டிக்கு ஆண்டுதோறும் டிடிஎஸ் உண்டு. வங்கி அதை அந்த டெபாசிட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 10 லட்சத்தை 7 சதவீதத்தில், காலாண்டுக் கூட்டு வட்டியில், ஐந்து ஆண்டுக்குப் போட்டால் ரசீதில் முதிர்வுத் தொகை ஏறக்குறைய 14.15 லட்சம் என்று அச்சாகியிருக்கும். 10 சதவீத டிடிஎஸ் ஒவ்வொரு ஆண்டும் போனால் கையில் வருவது சுமார் 13.68 லட்சம். பிடித்த வரி மட்டும் 40,000 ரூபாய்க்கு மேல். அந்தப் பணம் ஈட்டியிருக்க வேண்டிய வட்டியையும் சேர்த்தால் இழப்பு 46,000ஐத் தாண்டும். ஐந்தாம் ஆண்டு முடிவில்தான் அவர் இதைக் கவனிக்கிறார். ஏன் குறைகிறது என்று கேட்டால், "கவர்மெண்டுக்குக் கட்டியாச்சு, இன்கம் டாக்ஸ்ல கேட்டு வாங்கிக்குங்க" என்கிறார்கள். அப்போது பெரும்பாலும் கடைசி ஆண்டின் கணக்கை மட்டுமே வழக்கமான வழியில் தாக்கல் செய்ய முடியும். முந்தைய ஆண்டுகளின் கெடு, அவருக்குச் செய்தி தெரியும் முன்பே முடிந்து போயிருக்கும்.

எனக்கு வரி இல்லை என்று உறுதி கூறும் 15ஜி (அறுபது வயதுக்குக் கீழே), 15எச் (அறுபதும் மேலும்) படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்களே என்று நீங்கள் சொல்லலாம். அந்தப் படிவத்தை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். பணம் போட்டிருக்கும் ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். கிளையில் தாளை வாங்கி மேசையில் வைத்துக்கொள்கிறார்கள். ஒப்புகை கேட்டால்தான் தருகிறார்கள், பல இடங்களில் கேட்டாலும் தருவதில்லை. படிவம் கணினியில் ஏறாமல் போனால், கொடுத்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. தவறாகப் பிடித்ததை வங்கியே சரிசெய்யும் காலமும் மிகக் குறுகியது. ஒரு மாதம் பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் (மார்ச் மாதத்தது என்றால் ஏப்ரல் 30க்குள்) அரசுக்குக் கட்டிவிட வேண்டும். கட்டிய பிறகு வங்கி கையை விரித்துவிடுகிறது. பிடித்ததை உடனே குறுஞ்செய்தியில் சொன்னால் அந்தச் சில நாட்களுக்குள் ஓடியாவது போகலாம்.

15ஜி படிவத்திலேயே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அறுபது வயதானவர் 15எச் கொடுக்க, தள்ளுபடி (கணக்கிட்ட வரியையே கழித்துவிடும் சலுகை) போக வரி பூஜ்யம் என்றால் போதும். 2019இல் நீங்களே இதைத் தெளிவுபடுத்தினீர்கள். அறுபதுக்குக் கீழே இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவருடைய வட்டியே அடிப்படை விலக்கு வரம்பை (எவ்வளவு வருமானம் வரை வரியே கணக்கிடுவதில்லையோ அந்த அளவை) தாண்டினால் 15ஜி கொடுக்க முடியாது. 57 வயதில் விருப்ப ஓய்வு பெற்றவர் 65 லட்சத்தை 7 சதவீதத்தில் போட்டிருந்தால் வட்டி 4,55,000. 2025-26இல் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அவருக்கு வரி இல்லை. ஆனால் வட்டி அந்த ஆண்டின் விலக்கு வரம்பான 4 லட்சத்தைத் தாண்டியதால் 15ஜி செல்லாது. 45,500 ரூபாய் பிடித்தே தீருவார்கள். தப்ப வேண்டுமானால் படிவம் 13இல் விண்ணப்பித்து, 197ஆம் பிரிவில் அதிகாரியிடம் சான்று வாங்க வேண்டும். மூன்று வயது கூடியிருந்தால் ஒரே தாளில் முடிந்திருக்கும் காரியம் இது. மன்னிக்கவும், இந்த வேறுபாட்டுக்கு எங்களுக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

அடுத்தது பான்-ஆதார் இணைப்பு. 2023 ஜூலை 1 முதல், இணைக்காத பான் செயலிழந்தது. அதன்பின் வட்டிக்கு டிடிஎஸ் 10 அல்ல, 20 சதவீதம். 15ஜி, 15எச் கொடுத்தாலும் செல்லாது. ரீஃபண்ட் வராது, பான் செயலிழந்திருந்த காலத்துக்கு ரீஃபண்டின் மேல் வட்டியும் இல்லை. 1,000 ரூபாய் கட்டணம் கட்டி இணைத்துவிடலாம்தானே என்றால், தமிழ்நாட்டில் சிக்கல் பணத்தில் மட்டும் இல்லை, பெயரில் இருக்கிறது. எங்கள் ஊரில் பெயருக்கு முன்னால் தந்தை பெயரின் முதலெழுத்துதான். குடும்பப் பெயர் கிடையாது. பான் அட்டையில் அந்த முதலெழுத்தை விரித்துத் தந்தையின் முழுப்பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருப்பார்கள். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து. வங்கிக் கணக்கில் முன்னால் ஒற்றை எழுத்து. ஒரே ஆள்தான், ஆனால் மூன்று பதிவும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. இணைப்பும் இங்கே நிற்கிறது, ரீஃபண்ட் வரவேண்டிய வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் படியும் இங்கே நிற்கிறது. 80 வயது நிறைந்தவர்களுக்கு இணைப்பு கட்டாயமில்லை என்று விதிவிலக்கு கொடுத்திருக்கிறீர்கள். அதை அறிந்து வங்கியில் எடுத்துச் சொல்லும் நிலையில் அந்த முதியவர்கள் இல்லை.

பிஎஃப் பணம். சேவை ஐந்து ஆண்டு நிறையாமல் எடுத்தால், தொகை 50,000 அல்லது அதற்கு மேல் என்றால், 192ஏ பிரிவில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். செல்லும் பான் இல்லை என்றால் 20 சதவீதம். திருமணத்துக்காக மில் வேலையை விட்டுவிட்டு 1,20,000 ரூபாய் எடுக்கும் பெண்ணுக்கு 12,000 அல்லது 24,000 போகிறது. அவருடைய ஆண்டு வருமானம் எல்லாம் சேர்த்தாலும் விலக்கு வரம்புக்குள்ளேதான் இருக்கும். 15ஜி கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள். கொடுக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இன்னொன்று: ஒரு மில்லில் மூன்று ஆண்டு, அடுத்த மில்லில் மூன்று ஆண்டு என்றால், பழைய கணக்கைப் புதியதோடு மாற்றிச் சேர்த்திருக்கும்போது சேவை ஆறு ஆண்டு, வரியே இல்லை. சேர்க்காமல் விட்டால் இரண்டும் ஐந்துக்குக் குறைவு, இரண்டிலும் பிடித்தம். இரண்டு யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர்) எண்களோடு எங்களிடம் வருகிறவர்கள் அநேகம்.

சரி, பிடித்தது பிடித்தாகிவிட்டது. திரும்ப வாங்க ஒருவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். இ-ஃபைலிங் தளத்தில் பான் எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். ஒருவருடைய பிடித்தத்தையும் வருமானத்தையும் துறை பதிந்து வைக்கும் படிவம் 26ஏஎஸ்ஸிலும் ஏஐஎஸ்ஸிலும் பிடித்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்ததற்கான காலாண்டு அறிக்கைக்குக் கெடு மே 31 என்பதால், ஜூன் பிறக்கும் முன் பார்த்துப் பயனில்லை. பிறகு ஐடிஆர்-1 என்ற வரிக் கணக்குப் படிவம். அதில் டிடிஎஸ்ஸை மட்டும் காட்டிவிட்டு அதற்குரிய வட்டியையோ பிஎஃப் தொகையையோ வருமானமாகக் காட்டாமல் விட்டால், குறைபாடுள்ள கணக்கு என்று 139(9) பிரிவில் அறிவிப்பு வரும். 15 நாளில் சரிசெய்யவில்லை என்றால் அந்தக் கணக்கே செல்லாததாகிவிடும். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி வழியாகவோ வேறு வழியிலோ சரிபார்க்க வேண்டும். ஆதாரில் உள்ள கைபேசி எண் மாறிப்போயிருந்தால் தாளில் கையெழுத்திட்டு பெங்களூருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். டெபாசிட் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொடுத்து, வாரிசாகத் தளத்தில் பதிய வேண்டும். கூட்டு டெபாசிட் என்றால் பிடித்தம் முதல் பெயருக்கு உரியவரின் பானில்தான் ஏறும். பணம் மனைவியுடையது என்றாலும் பதிவு கணவருடையது.

இத்தனையையும் வீட்டில் தனியாகச் செய்ய முடியாதவர் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகிறார். அங்கே பதிவு செய்பவர் தன் மின்னஞ்சலையும், பல நேரங்களில் தன் கைபேசி எண்ணையுமே கொடுத்துவிடுகிறார். அதன்பின் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு அறிவிப்பும் அந்தக் கடைக்காரருக்குப் போகிறது. பழைய பாக்கி ஒன்று இருக்கிறது, அதில் கழித்துக்கொள்ளப் போகிறோம் என்று 245ஆம் பிரிவில் நீங்கள் கேட்கும்போது பதில் சொல்ல 21 நாள். அந்தச் செய்தி உரியவரின் கண்ணில் படுவதே இல்லை. பாக்கி சரியா தவறா என்று யாரும் பார்க்காமலே ரீஃபண்ட் கழிந்துவிடுகிறது.

தாமதமாகத் தாக்கல் செய்தால் 1,000 ரூபாய் அபராதம் என்று சொல்லி வாங்குபவர்களும் உண்டு. மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருப்பவருக்கு 234எஃப் பிரிவின் அந்தத் தாமதக் கட்டணம் பொதுவாகக் கிடையாது. உங்கள் தளத்தின் முகப்பில் இதைத் தமிழில் ஒரு வரியாகப் போட்டால் அந்த வசூல் நின்றுவிடும்.

இனி, எங்களை மிகவும் வருத்துகிற விஷயத்துக்கு வருகிறோம். 2024-25இல் வருமானத்தைக் குறைத்துக் காட்டிய ஒருவர், கூடுதல் வரியோடு திருத்திய கணக்கைத் தாக்கல் செய்ய 2030 மார்ச் 31 வரை காலம் இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்ததிலிருந்து எண்ணும் அந்தக் காலத்தை 2025இல்தான் 24 மாதத்திலிருந்து 48 மாதமாக நீட்டினீர்கள். ஆனால் அந்தப் படிவத்தை ரீஃபண்ட் கேட்கப் பயன்படுத்தக் கூடாது. அதே ஆண்டில் கூடுதலாகப் பிடிக்கப்பட்டவருக்கு 2025 டிசம்பர் 31தான் கடைசி. நிதியாண்டு முடிந்தபின் அரசுக்கு வரவேண்டியதற்கு ஐந்து ஆண்டு, அரசு தரவேண்டியதற்கு ஒன்பதே மாதம். வட்டியிலும் இதே கதை. நாங்கள் தாமதித்தால் மாதம் 1 சதவீதம், நீங்கள் தாமதித்தால் மாதம் அரை சதவீதம்.

கெடு போனவருக்கு 119(2)(பி) பிரிவில் தாமதத்தைப் பொறுக்கச் சொல்லி மனு போடும் வழி உண்டு என்பதை அறிவோம். 2024 அக்டோபரில் வந்த 11ஆம் எண் சுற்றறிக்கைப்படி மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு வரை கேட்கலாம். ஆனால் 1 கோடி ரூபாய் வரையான கோரிக்கைகள் எல்லாம் ஆணையர் நிலை அதிகாரியிடம் போகின்றன. 8,400 ரூபாய் கேட்கும் பெண்ணும் 90 லட்சம் கேட்கும் நிறுவனமும் ஒரே மேசையில், உண்மையான இன்னல் இருந்தது என்று நிரூபித்து நிற்க வேண்டும். ஆணை வர ஆறு மாதம் ஆகலாம். கிடைத்தாலும் அந்தப் பணத்துக்கு வட்டி இல்லை. டிடிஎஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்தது உண்மையான இன்னலா இல்லையா என்று அந்தப் பெண் எப்படி நிரூபிப்பார்? மனு எழுதித் தர ஒரு ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டிய தொகையைக் கணக்கிட்டுப் பார்த்து, வேண்டாம் என்று எழுந்து போகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம்.

உங்களால் முடியாத எதையும் நாங்கள் கேட்கவில்லை. 2024 பிப்ரவரியில் பழைய சிறு வரிப் பாக்கிகளை, ஒரு குறிப்பிட்ட காலம் வரை 25,000 ரூபாய்க்கும் அதன்பின் 10,000 ரூபாய்க்கும் உட்பட்டவற்றை, யாரும் விண்ணப்பிக்காமலே நீக்கினீர்கள். அண்மையில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டாதவர்களுக்கும் தவறான கழிவு கோரியவர்களுக்கும் 'நட்ஜ்' என்ற பெயரில் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பி, கணக்கைத் திருத்தச் சொன்னீர்கள். யாருடைய கணக்கில் எது பொருந்தவில்லை என்று தேடி எடுக்கும் திறன் உங்களிடம் இருக்கிறது. அதே திறனை, டிடிஎஸ் பிடித்தும் கணக்குத் தாக்கல் செய்யாத, வருமானம் விலக்கு வரம்புக்குள் இருக்கிற பான் எண்களைத் தேடவும் பயன்படுத்துங்கள்.

2025 பிப்ரவரியில் வந்த புதிய வருமான வரி மசோதாவில், கெடு தேதி தாண்டித் தாக்கல் செய்தால் ரீஃபண்டே கேட்க முடியாது என்று இருந்தது. நாடாளுமன்றத் தேர்வுக் குழு அதை எடுக்கச் சொன்னது, எடுத்தீர்கள். அந்தச் சட்டம் 2026 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வருகிறது. அதற்கான நடைமுறைகள் அமையும் இந்த நேரத்தில் நாங்கள் கேட்பவை இவை.

ஒவ்வொரு ஜூன் மாதமும், காலாண்டு அறிக்கைகள் வந்து சேர்ந்தவுடன், டிடிஎஸ் பிடிக்கப்பட்டு இன்னும் கணக்குத் தாக்கல் செய்யாத ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் செய்தி அனுப்ப வேண்டும். யார் பிடித்தார்கள், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும் என்று மூன்று விவரம் போதும். இ-ஃபைலிங் தளத்தில் உள்ள எண்ணுக்கு மட்டும் அனுப்பாமல், டெபாசிட் இருக்கும் வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணுக்கும் அனுப்புங்கள். நவம்பரில் இன்னொரு முறை.

ஏஐஎஸ்ஸில் உள்ள எல்லா வருமானத்தையும் கூட்டினாலும் விலக்கு வரம்பைத் தாண்டாதவர்களுக்கு, விவரங்கள் முன்பே நிரப்பிய ஒரு பக்கக் கோரிக்கைப் படிவம் வேண்டும். சரி என்று ஒப்புதல் கொடுத்தால், வரி பிடித்த அதே வங்கிக் கணக்குக்குப் பணம் போக வேண்டும். பெயரின் முதலெழுத்து முன்னே பின்னே இருப்பதற்காக அதை நிறுத்தக் கூடாது. கைபேசி இல்லாதவர்கள் அஞ்சலகத்தில் விரல் ரேகை வைத்து ஒப்புதல் கொடுக்க வழி செய்யுங்கள்.

ரீஃபண்ட் கேட்கும் காலத்தையும் 48 மாதமாக்கப் பரிந்துரை செய்யுங்கள். அதற்கு நாடாளுமன்றம் வேண்டும் என்பதை அறிவோம். அதுவரை, 25,000 ரூபாய்க்கு உட்பட்ட கோரிக்கைகளில் தாமதத்தைத் தனித்தனி மனு இல்லாமல் பொறுத்து, வாரியமே ஒரு பொது ஆணை பிறப்பிக்க வேண்டும். கடந்த டிசம்பர் 31ஓடு கெடு முடிந்தவர்கள் இதில் முதலில் வர வேண்டும்.

15எச்சுக்கு உள்ள தள்ளுபடிச் சலுகை 15ஜிக்கும் வேண்டும். படிவத்தை வாங்கும் வங்கி அன்றே எண்ணிட்ட ஒப்புகை தர வேண்டும். டிடிஎஸ் பிடிக்கும் முன் பத்து நாளாவது இருக்கும்படி வைப்பாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். பிஎஃப் விண்ணப்பத்தில், பணம் கோரும் பக்கத்திலேயே, 15ஜி கொடுக்கலாம் என்று தமிழில் தெரிய வேண்டும். முந்தைய சேவை சேர்க்கப்படாமல் இருந்தால் அதையும் அங்கேயே சொல்ல வேண்டும். 245ஆம் பிரிவில் பழைய பாக்கிக்குக் கழிப்பதாக இருந்தால், உரியவரிடமிருந்து பதில் வராதபோது அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், அவருடைய முகவரிக்குத் தபாலில் ஒரு முறையாவது எழுதிக் கேளுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை 2026 மார்ச் 31க்குள் பொது அறிவிப்பாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டின் சிறு ஊர்களில் வரிக் கணக்கு எழுதும் ஆலோசகர்கள் சிலர்